இருபது வருடத்துக்கு முந்தைய தூசி

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். சீசன் வந்தால் சாலையோரம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். முந்திரிப் பருப்புக் கடைகளுக்கு சீசனே கிடையாது. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நெய்வேலி ஆர்ச் கேட். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டாலும், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பாய்லர் பக்கம் காண்ட்ராக்ட்டில் இருந்தவர், சாம்பல் லாரி ஓட்டியவர், முந்திரிக்கொட்டை வறுத்தவர் என்று யாராவது ஒருவர் இருப்பார்.

அப்படி ஒருவர் 58 வயதில் இருமலோடு மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"அதெல்லாம் விட்டு பல வருஷம் ஆச்சுங்க."

"இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

"சும்மாதாங்க இருக்கேன். கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கு, அதைப் பாத்துக்குறேன்."

விசாரணை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். முப்பது வயதில் அவர் என்ன வேலை பார்த்தார், அந்த வேலையில் எதைச் சுவாசித்தார் என்ற கேள்வி எழுவதில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது மருத்துவருக்குக் கேட்க நேரம் இருக்காது. நோயாளிக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. ஆனால் நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்தப் பழைய பதில்தான் பல நேரங்களில் முக்கியமானது.

காரணம் எளிது. தூசியும் புகையும் உள்ளே போன நாளுக்கும் புற்றுநோய் தெரியவரும் நாளுக்கும் நடுவே பல வருடங்கள் ஓடிவிடும். கல்நார் தூசி என்றால் 20 வருடம், 30 வருடம்கூட ஆகலாம். அதற்குள் வேலை மாறியிருக்கும், காண்ட்ராக்டர் மாறியிருப்பார், சில நேரம் அந்தக் கட்டடமே இருக்காது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அந்த நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்களின் நுரையீரல் மட்டும் அவர்களோடுதான் இருக்கிறது.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல

"தூசின்னா தூசிதானே, தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். வெல்லம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. வெல்லம் போவது வயிற்றுக்கு; தூசி இருப்பது நுரையீரலில். இரண்டும் வேறு வேறு பாதை. மூக்கிலும் தொண்டையிலும் தங்கும் பெரிய தூசி சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் அங்கேயே தங்கும். ஆபத்து அதில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, எந்தெந்தப் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்துகிறது. 'உறுதியாக உண்டாக்கும்' என்பது முதல் பிரிவு. கல்நார் அந்தப் பிரிவில் வெகுகாலமாக இருக்கிறது. படிக சிலிக்கா, அதாவது மணற்கல்லிலும் கருங்கல்லிலும் இருக்கும் குவார்ட்ஸ் தூசி, 1997-ல் சேர்ந்தது. டீசல் புகை 2012-ல், வெளிக்காற்று மாசு 2013-ல், வெல்டிங் புகை 2017-ல் இதே பிரிவுக்கு வந்தன.

நெய்வேலி வட்டாரத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பழுப்பு நிலக்கரிக்குப் பக்கத்தில் வேலை என்றதும் எல்லோரும் நிலக்கரித் தூசியைத்தான் குற்றம் சொல்கிறோம். நிலக்கரித் தூசி நுரையீரலைக் கெடுக்கும், மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் புற்றுநோய் உண்டாக்குமா என்ற கேள்விக்கு, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதே அந்த முகமையின் முடிவு. நாம் அதிகம் கவலைப்பட வேண்டியவை அதன் பக்கத்தில் இருப்பவை. நிலக்கரியை எட்டுவதற்கு முன் மேலே இருக்கும் கடலூர் மணற்கல் அடுக்கை வெட்டி அகற்ற வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு. சுரங்கத்துக்குள் நாள் முழுக்க ஓடும் கனரக வண்டிகளின் டீசல் புகை இருக்கிறது. பழைய பாய்லர்களிலும் நீராவிக் குழாய்களிலும் சூடு வெளியேறாமல் இருக்க உலகம் முழுக்கவே ஒரு காலத்தில் கல்நார் உறைதான் சுற்றினார்கள். அதைப் பிரிக்கிற, மாற்றுகிற வேலை செய்தவர்கள் அநேகமாக எல்லா ஊரிலும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள்தான். பறக்கும் சாம்பலிலும் சிலிக்கா உண்டு. அதில் பெரும்பங்கு கண்ணாடி வடிவில் இருப்பதால் பாறைத் தூசி அளவுக்குக் கடுமை இல்லை என்றாலும், மூடாத லாரிக்குப் பின்னால் தினமும் வண்டி ஓட்டுவதற்கு அது ஒரு சமாதானம் ஆகாது.

முந்திரி வறுக்கும் புகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிப்பது இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையை அந்த முகமை, 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற இரண்டாம் பிரிவில் வைத்திருக்கிறது. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் வருடக்கணக்காக வறுத்தவருக்கு பீடி குடிக்காவிட்டாலும் ஒரு புகைக் கணக்கு உண்டு.

பீடி குடித்தவருக்கோ கணக்கு கூட்டலில் போவதில்லை, பெருக்கலில் போகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கல்நார் உறை சுற்றும் தொழிலாளிகளை இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர் குழு பல வருடம் பின்தொடர்ந்து, 1979-ல் முடிவை வெளியிட்டது. கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. புகை பிடித்தல் மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். தூசி வேலை பார்த்த ஒருவர் இன்றைக்கு பீடியை விட்டால், இருபது வருடத்துக்கு முந்தைய தூசியின் பலத்தையும் சேர்த்தே குறைக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பட்டியலில் நம் கையில் முழுசாக இருப்பது அது ஒன்றுதான்.

ஒரே நாளில் வரும் தூசி

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவது ஒரு வகை. பேரிடரில் ஒரே நாளில், ஒரே வாரத்தில் வருவது இன்னொரு வகை.

2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது சிமென்ட், கண்ணாடி இழை, கல்நார் எல்லாம் தூளாகி நகரத்தின் மேல் இறங்கின. மீட்பு வேலைக்குப் போனவர்கள், குப்பை அள்ளியவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் சுவாசித்தார்கள். இருமல் உடனே வந்தது. புற்றுநோய் கேள்வி பிறகு வந்தது. 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்கென்றே மருத்துவத் திட்டச் சட்டம் நிறைவேற்றியது. 2012-ல் நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்ட பல புற்றுநோய்கள் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. இதில் நமக்கு உதவுகிற தகவல் இரண்டு. தீயணைப்பு வீரர்களின் விஷயத்தில் ஆய்வு செய்வது எளிதாக இருந்தது. ஏனென்றால் சம்பவத்துக்கு முன்பிருந்தே அவர்களின் வழக்கமான மருத்துவப் பரிசோதனைக் குறிப்புகள் துறையிடம் இருந்தன. மற்றவர்கள், 'அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன்' என்பதற்கு வருடங்கள் கழித்து ஆதாரம் தேட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் விஷவாயு கசிந்தது. மறு ஆண்டே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 80,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து பின்தொடரத் தொடங்கியது. 1986-ல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடும் ஆரம்பிக்கப்பட்டது. விபத்து நடந்த சூட்டோடு பெயர்களை எழுதி வைக்காவிட்டால் பிறகு எழுத முடியாது என்பதை அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள்.

நெய்வேலியில் 2020-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என இரண்டு முறை பாய்லர் விபத்து நடந்தது. ஜூலை மாத விபத்தில் 6 பேர் அன்றே இறந்தார்கள்; தீக்காயத்தோடு சிகிச்சையில் இருந்த பலர் அடுத்த வாரங்களில் இறந்தார்கள். அது தீக்காயத்தின் துயரம், புற்றுநோயோடு முடிச்சுப் போடுவதற்கில்லை. ஆனால் அப்படி ஒரு சம்பவத்தின்போது அருகில் இருந்தவர், பிறகு உள்ளே போய்ச் சுத்தம் செய்தவர், புகையைச் சுவாசித்தவர் தேதியோடு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பேரிடர் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல். தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே காலையில் சாய்ந்தன. அந்த இழப்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கூரையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பறந்துபோய் நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் கல்நாரும் சிமென்ட்டும் கலந்தவை. முழுசாக இருக்கிற ஷீட் பெரிய ஆபத்து இல்லை. உடைத்தாலோ அறுத்தாலோ ஆணி அடிக்கத் துளை போட்டாலோதான் இழை பறக்கும். புயலுக்கு அடுத்த நாள் நாம் செய்வது அதைத்தான். உடைந்ததை மேலும் உடைத்து, துடைப்பத்தால் பெருக்கி, பள்ளத்தில் கொட்டி, மேலே மண் போட்டு மிதித்துவிடுகிறோம். பக்கத்தில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்த புயலுக்காவது மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஷீட்டின் மேல் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரத்தில் இழை பறக்காது. உடைக்காமல் பெரிய துண்டாகவே எடுங்கள். உலர்ந்த தரையைப் பெருக்கவே கூடாது. முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் நுண்துகளைத் தடுக்காது. மூக்கை ஒட்டிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் குறைந்தபட்சத் தேவை. துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, அது ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லியே ஊராட்சியிடம் ஒப்படையுங்கள்.

இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். கண்டிப்பாகச் செய்துகொள்ள வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் "அப்பாடா, டி.பி. இல்ல" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். இருமல் மட்டும் போகாது. அல்லது எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிந்து, கிருமி உறுதியாகாமலே டி.பி. மருந்து தொடங்குவார்கள், இரண்டு மாதமாகியும் குறையாது. இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு, இப்படி டி.பி. என்ற சந்தேகத்தில் கழிந்த மாதங்கள் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, டி.பி. இல்லை என்று வந்தும் இருமல் தொடர்ந்தால் அதே மருத்துவரிடம் திரும்பப் போய், "அப்ப இது என்னன்னு பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, கரகரத்துப்போன குரல், ஒரு பக்கமாகத் தோள் வலி, விரல் நுனி உருண்டு தடித்தல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. எக்ஸ்ரேயில் சின்னக் கட்டி தெரியாமல் போகலாம். சி.டி. ஸ்கேன், பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி, கடைசியாகச் சதைத் துணுக்குப் பரிசோதனை என்று வரிசையாகப் போனால்தான் முடிவு உறுதியாகும்.

"எங்களுக்கு எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனை, நீண்ட காலம் அதிகம் புகை பிடித்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்ததாக 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் பழைய டி.பி. தழும்பு பரவலாக இருக்கும் நம் நாட்டில், கட்டி போலத் தெரிவதில் நிறைய கட்டியாக இருக்காது; தேவையில்லாத ஊசியும் பயமும்தான் மிஞ்சும். அதனால் இதை எல்லோருக்கும் பொதுவாகச் செய்வதில்லை. தூசி வேலையும் புகைப்பழக்கமும் சேர்ந்திருப்பவர், 50 வயதைத் தாண்டியவர் என்றால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

தூசிக் கணக்கு

இனி அந்தச் சொல்லப்படாத பதில். ஒரு வெள்ளைத் தாள் போதும். மருத்துவர் ஒரு நிமிடத்தில் படித்துவிட வேண்டும். அந்த அளவுக்கு இருந்தால் சரி. உதாரணத்துக்கு:

"1994 முதல் 2003 வரை காண்ட்ராக்ட்டில் பாய்லர் பராமரிப்பு. குழாய்மேல் இருந்த பழைய உறையைப் பிரிக்கும் வேலை, வருடத்துக்கு மூன்று மாதம். முகத்தில் துண்டு மட்டும். 2004 முதல் 2011 வரை சாம்பல் லாரி டிரைவர். 2012 ஜனவரியில் புயலுக்குப் பிறகு இரண்டு வாரம் உடைந்த ஷீட் அள்ளியது. பீடி 1990 முதல் 2001 வரை, தினம் ஒரு கட்டு. விட்டாச்சு."

இதோடு பழைய கேட் பாஸ், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் பெயர் மறந்துபோனாலும் பி.எஃப். கணக்கில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேலையில் சேரும்போதும் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை என்பது சுரங்க விதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த அறிக்கைகளின் நகலும் பழைய எக்ஸ்ரே படங்களும் கிடைத்தால் பொன் மாதிரி. புதிய நிழல் எப்போது வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில இருக்குமே" என்று விட்டுவிடாதீர்கள். உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறிமுறை விதி. 3 ஆண்டு எங்கே, 20 ஆண்டு எங்கே! கல்நார்த் தொழிலாளிகளின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் பாதுகாக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை அறிந்து எழுதிய தீர்ப்பு. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. இழப்பீடு கேட்கும் நாளில் முதலில் தேடப்போவது இந்தத் தாளைத்தான்.

எங்கே போவது

முதல் படி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். வீட்டுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இருமலையும் சொல்லலாம். அடுத்து பண்ருட்டி அரசு மருத்துவமனை, கடலூர் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் இயங்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புற்றுநோய் உறுதியானால் புதுச்சேரி ஜிப்மரும், காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையும், 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கின்றன. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வரும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துவிடலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். சந்தேகத்துக்கு 1800 425 3993. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. தகுதிக் காலம் முடித்திருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு. சிகிச்சைக்கு ரயிலில் போய்வர கட்டணச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் படிவம் கேட்டு வாங்க வேண்டும். மூடாத சாம்பல் லாரி, குடியிருப்புக்கு நடுவே புகை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ 1100 எண்ணிலோ புகார் தரலாம்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. தூசி கேட்டோடு நிற்பதில்லை. சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வருகிறது. கல்நார்த் தொழிலாளிகளின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிமார்களுக்கு, அந்தத் தொழிற்சாலைக்குள் காலே வைக்காமல் கல்நார் நோய் வந்திருக்கிறது. பல நாடுகளில் இது பதிவாகியிருக்கிறது. வேலை உடுப்பை உதறாமல் தண்ணீரில் நனைத்து, தனியாகத் துவைக்க வேண்டும். அப்பாவின் தூசிக் கணக்கை எழுதி முடித்ததும் அதே தாளில் அம்மா பெயரிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: வேலைத் துணி துவைத்தது, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று.